பிஸ்சேஃப் சர்ட்டிபிகேட் ஆபீஸ் சுவத்துல இருக்கு, லைஃப்லைன் சைட்ல காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அரசாங்க கட்டுமான வேலைக்கு டெண்டர் போடுற கம்பெனிங்களுக்கு பிஸ்சேஃப் சர்ட்டிபிகேட் மாதிரி பாதுகாப்பு தகுதி இருந்தே ஆகணும்னு இங்க சிங்கப்பூர்ல ரூல் மேல ரூல் வந்துட்டே இருக்கு, உங்க பேப்பர்லயும் விடாம போடுறீங்க, நல்லது. ஆனா அந்த நியூஸ் எல்லாம் அமைச்சு சொல்றத வெச்சு வருது, இல்லன்னா பெரிய கம்பெனி மேனேஜர் சொல்றத வெச்சு வருது. சைட்ல கீழ நிக்கிறவனுக்கு அந்த தகுதி எப்படி தெரியுதுன்னு யாரும் எழுதி நான் பார்த்தது இல்ல, அதான் எழுதுறேன். நான் ஒரு சப்கான் கம்பெனில, அதாவது பெரிய காண்ட்ராக்டர் (மெயின்கான்) எடுத்த வேலைல ஒரு பகுதிய வாங்கி செய்யுற கம்பெனில, சேஃப்டி கோஆர்டினேட்டர். ஊர்ல இருந்து வந்தப்ப கம்பி கட்டுற வேலை, அப்புறம் கோர்ஸ் படிச்சு இந்த பக்கம் வந்தேன். எழுத்து நடை எல்லாம் எதிர்பார்க்காதீங்க, டார்மிட்டரில போன்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா நீங்களே திருத்திக்கோங்க.

நல்லதை முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா இவனுக்கு குறை சொல்றதே வேலைன்னு சொல்லுவாங்க. 2004ல இங்க என்ன நடந்துச்சுன்னு இப்ப வர்ற பசங்களுக்கு தெரியாது. ஏப்ரல் 20ம் தேதி நிக்கல் ஹைவே ஓரமா வட்டப்பாதை ரயிலுக்கு தோண்டின பள்ளம் உள்வாங்கி மேல இருந்த ரோடும் சேர்ந்து இறங்கிருச்சு, 4 பேர் போயிட்டாங்க, அதுல ஒரு ஃபோர்மேன் கூட இருந்தவங்கள எல்லாம் வெளிய அனுப்பி விட்டுட்டு அவர் மாட்டிக்கிட்டார், உடம்பு கூட கடைசி வரைக்கும் கிடைக்கல. அதே மாசம் 29ம் தேதி ஃபியூஷனோபோலிஸ் சைட்ல கம்பிக்கூடு சரிஞ்சு 2 பேர். மே மாசம் கப்பல் பட்டறைல தீப்பிடிச்சு 7 பேர். அந்த வருஷம் லட்சம் பேருக்கு 4.9ங்கிற கணக்குல வேலையிடத்துல செத்தாங்க. அதுக்கப்புறம்தான் 2006ல வேலையிடப் பாதுகாப்பு சட்டம், 2007ல பிஸ்சேஃப். அந்த 4.9, 2024 கணக்குல 1.2 ஆச்சு, 2023ல 1க்கும் கீழ போய் 0.99 வரைக்கும் வந்துச்சு. இது தன்னால வந்தது இல்ல, சட்டம் போட்டு செக் பண்ணி ஃபைன் போட்டு வந்தது, அதை நான் மறுக்கல.

ஆனா 2023ல 36 பேர் செத்தாங்க, 2024ல 43. அதுல கட்டுமானத்துல மட்டும் 18ல இருந்து 20 ஆச்சு. ரூல் எல்லாம் டைட் பண்ண அதே 2024லதான் இது ஏறிருக்கு. ஒரு வருஷ கணக்க வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுதான், ஆனாலும் கேக்கணும்ல.

பிஸ்சேஃப் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்றேன். லெவல் 1ல இருந்து 4 வரைக்கும் இருக்கு, அதுக்கு மேல ஸ்டார். லெவல் 1னா முதலாளி ஒரு வகுப்புக்கு போயிட்டு வரணும். லெவல் 2னா கம்பெனில ஒருத்தர் ரிஸ்க் பத்தி கோர்ஸ் படிச்சு திட்டம் எழுதணும். லெவல் 3னா ஆடிட்டர் வந்து அந்த ரிஸ்க் அசெஸ்மென்ட் (எந்த வேலைல என்ன ஆபத்து, எப்படி தடுக்கணும்னு எழுதுறது) எல்லாம் ஒழுங்கா இருக்கா, நடைமுறைல இருக்கான்னு பார்த்து ஓகே சொல்லணும். அரசாங்க கட்டுமான டெண்டர்ல நுழையணும்னா பெரும்பாலும் குறைஞ்சது லெவல் 3 கேக்குறாங்க. பெரிய மெயின்கான் எல்லாம் தனியார் வேலையா இருந்தா கூட சப்கான்கிட்ட லெவல் 3 கேக்குறாங்க. அதனால இங்க பிஸ்சேஃப் இல்லாத கம்பெனி பொழைக்கவே முடியாது, அந்த அளவுக்கு இது கட்டாயம் ஆயிடுச்சு. கட்டாயம் ஆனதுமே அதுக்கு ஒரு வியாபாரமும் ஆரம்பிச்சிருச்சு, கன்சல்டன்ட்டுக்கு போன் பண்ணா ஃபைல் ரெடி பண்ணி குடுப்பாங்க, ஆடிட்டருக்கு காசு குடுக்குறதும் அந்த கம்பெனிதான், எந்த ஆடிட்டர்னு முடிவு பண்றதும் அந்த கம்பெனிதான். எல்லா ஆடிட்டரும் அப்படின்னு சொல்லல. உண்மையிலேயே சைட்டுக்கு வந்து ஏணில ஏறி பார்க்குறவங்களும் இருக்காங்க, ஆனா அவங்கள அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க.

நான் வேலை பார்த்த ஒரு இடத்துல ரிஸ்க் அசெஸ்மென்ட் ஃபைல திறந்தா மேல இந்த சைட் பேரு இருக்கு, உள்ள நாலாவது பக்கத்துல பழைய சைட் பேரு அப்படியே இருக்கு. அது ஒரு ஸ்கூல் வேலை. நாங்க செஞ்சது ட்ரெயின் ஒட்டுன வேலை. ஸ்கூல் பசங்க நடந்து போற பாதைல தடுப்பு வைக்கணும்னு எங்க ஃபைல்ல எழுதியிருந்துச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ராக் பக்கத்துல வேலை செய்யறப்ப கரண்ட் ஆஃப் பண்ணியாச்சான்னு யார் உறுதி பண்ணணும்னு எங்கயுமே இல்ல. கீழ கையெழுத்து மட்டும் இருவத்தஞ்சு பேர்து, தமிழ்ல, பெங்காலில, சீனத்துல எல்லாம் போட்டிருக்கு. ஃபைல் முழுக்க இங்கிலீஷ். கையெழுத்து போட்ட பசங்ககிட்ட போய் இதுல என்ன இருக்குன்னு கேட்டா சிரிப்பாங்க, அவ்ளோதான். அந்த ஃபைல வெச்சு ஆடிட் பாஸ் ஆச்சு. இதை அந்த சைட்ல மட்டும்தான் பார்த்தேன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிரும்.

ஆடிட் வர்ற அன்னிக்கு கூத்தை பார்க்கணும். முந்தின நாள் சாயங்காலமே கன்டெய்னர்ல இருந்து புது ஹார்னஸ் (உயரத்துல ஏறும்போது உடம்புல மாட்டுற பெல்ட்) வெளிய வரும், சிலதுல பிளாஸ்டிக் கவர் கூட பிரிச்சிருக்க மாட்டாங்க. இங்கிலீஷ் பேசத் தெரிஞ்ச பசங்க நாலு பேர முன்னாடி நிறுத்திட்டு மத்தவங்கள வேற பிளாக்குக்கு அனுப்பிடுவாங்க. ஆடிட்டர் போனதும் ஹார்னஸ் எல்லாம் எண்ணி திரும்ப உள்ள போயிரும், அழுக்காயிடுமாம்.

சரி ஹார்னஸ் குடுத்தாங்கன்னே வெச்சுக்கோங்க. மூணு மீட்டருக்கு மேல விழ வாய்ப்பு இருக்குற வேலைன்னா பெர்மிட் இல்லாம ஏறக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. பெர்மிட்டும் போடுறோம். காலைல டூல்பாக்ஸ் மீட்டிங்ல ஹூக் மாட்டாம யாரும் மேல போகக்கூடாதுன்னு கத்துறேன். ஒரு நாள் மீட்டிங் முடிஞ்சு ஒரு தம்பி, புதுக்கோட்டை பக்கம், வந்து ரெண்டு மாசம் தான் இருக்கும், மேல போனவன் திரும்ப இறங்கி வந்து கேட்டான், "அண்ணே எல்லாம் சரி, இந்த ஹூக்க எதுல மாட்டுறது?" நான் போய் பார்த்தா ஸ்லாப் ஓரத்துல லைஃப்லைன், அதாவது ஹூக் மாட்டுற கயிறு, கட்டவே இல்ல, கட்ட வேண்டிய ஸ்கஃபோல்டிங் (சாரம் கட்டுற) ஆளுங்க வேற சைட்டுக்கு போயிட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு ரெண்டு மாச பில் பாக்கி. பெர்மிட்ல லைஃப்லைன் செக் பண்ணியாச்சுன்னு டிக் இருக்கு. வேலைய நிறுத்தி வெச்சேன், அதுக்கு எனக்கு கிடைச்ச திட்டு தனி கதை, விடுங்க. நான் சொல்ல வர்றது என்னன்னா அந்த தம்பி கேட்ட கேள்விதான் ஆடிட்ல முதல் கேள்வியா இருக்கணும், எதுல மாட்டுறது, யார் கட்டினது, காசு குடுத்தாச்சா.

காசுதான் விஷயம். இத புரிஞ்சிக்காம எவ்ளோ பயிற்சி குடுத்தாலும் போஸ்டர் ஒட்டினாலும் பிரயோஜனம் இல்ல. டெண்டர் போடும்போது காங்கிரீட் எவ்ளோ கியூபிக் மீட்டர், கம்பி எவ்ளோ டன்னு எல்லாத்துக்கும் தனித்தனியா ரேட் போடணும். சேஃப்டிக்கு பெரும்பாலும் அப்படி கிடையாது, பிரிலிமினரிஸ்னு ஒரு மொத்தக் கணக்குல சைட் ஆபீஸ், கரண்ட் பில், டாய்லெட், செக்யூரிட்டி எல்லாத்தோடயும் சேர்ந்து கிடக்கும். போட்டி கழுத்து வரைக்கும் வந்தா எங்க கை வைப்பாங்க? சிமென்ட்ட குறைச்சா டெஸ்ட்ல மாட்டிக்குவான், பிரிலிம்ஸ குறைச்சா யாருக்கும் தெரியாது. மெயின்கான் கொஞ்சம் குறைச்சு சப்கான்கிட்ட குடுப்பான், சப்கான் இன்னும் கொஞ்சம் குறைச்சு அவனுக்கு கீழ இருக்குறவன்கிட்ட குடுப்பான், கடைசில நாலாவது கை ஆளுக்கு சேஃப்டின்னு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட வந்து சேராது, ஆனா உயரத்துல ஏறுறது அவன் ஆளுங்கதான்.

2024 ஏப்ரல்ல இருந்து அரசாங்க கட்டுமான டெண்டர்ல சேஃப்டிக்கு குறைஞ்சது 5 சதவீதம் மார்க் வைக்கணும்னு கொண்டு வந்தாங்க. 50 மில்லியன் வெள்ளி அல்லது அதுக்கு மேல இருக்குற வேலைல சேஃப்டி நல்லா செஞ்சா போனஸ்னும் கொண்டு வந்தாங்க. வரவேற்கிறேன், ஆனா 100ல 5 மார்க்க விலைல ஈஸியா ஈடு கட்டிடலாம், டெண்டர் போடுறவங்கள கேட்டா அவங்களே சொல்லுவாங்க. போனஸும் மெயின்கானுக்குத்தான் போகும், அது கீழ வரைக்கும் இறங்குமான்னு எனக்கு சந்தேகம். 

ஹாங்காங்ல ஒண்ணு பண்றாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. 1996லயே ஆரம்பிச்சுட்டாங்க, அரசாங்க வேலை ஒப்பந்தத்துல சேஃப்டிக்குன்னு தனி ஐட்டம், மொத்த ஒப்பந்த தொகைல ஏறத்தாழ 2 சதவீதம், அந்த பணத்துக்கு போட்டியே கிடையாது, எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி. சேஃப்டி ஆபீசர் வெச்சியா, மீட்டிங் போட்டியா, பயிற்சி குடுத்தியா, செஞ்சத காமிச்சா அந்த ஐட்டத்துக்கு பணம், செய்யலன்னா கிடையாது. அதுல குறைச்சு டெண்டர் ஜெயிக்க முடியாது, ஏன்னா அது போட்டிலயே இல்ல. இங்கயும் எல்லா அரசாங்க வேலைக்கும், பெருசு சின்னதுன்னு பார்க்காம, அப்படி பிரிச்சு வெச்சு சப்கான் வரைக்கும் அந்த பணம் போகணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிட்டா, ஸ்கஃபோல்டிங் ஆளுங்க பில் பாக்கின்னு லைஃப்லைன் கட்டாம போற நிலைமை வராது. பணம் வேஸ்ட்டுன்னு சொல்றவங்க இருப்பாங்க. ஒரு ஆக்சிடென்ட் ஆகி வேலைய நிறுத்தச் சொல்லி ஸ்டாப் வொர்க் ஆர்டர் போட்டா கிரேன் வாடகை, ஆள் சம்பளம், வெளிநாட்டு ஆளுக்காக அரசாங்கத்துக்கு கட்டுற லெவி எல்லாம் சும்மா போகும், அதை கணக்கு போட்டு பார்த்துட்டு பேசட்டும்.

அடுத்தது டீமெரிட் பாயின்ட். சேஃப்டி சட்டத்த மீறினா பாயின்ட், 18 மாசத்துக்குள்ள 25 சேர்ந்தா புதுசா வெளிநாட்டு ஆள் எடுக்க தடை, இன்னும் ஏறினா தடை நீளும். அதே 25 பாயின்ட் இருந்தா அரசாங்க கட்டுமான டெண்டர்லயும் தற்காலிகமா கலந்துக்க முடியாதுன்னு 2024 ஏப்ரல்ல எல்லா அரசாங்க அமைப்புக்கும் ஒரே மாதிரி கொண்டு வந்தாங்க. இது உண்மையிலேயே பயப்படுற விஷயம், எங்க முதலாளியே பிஸ்சேஃப்னா கண்டுக்க மாட்டார், பாயின்ட்னா உடனே போன் வரும். அதுல எனக்கு ஒரே ஒரு குறை, டைம். ஸ்டாப் வொர்க் ஆர்டருக்கு பாயின்ட் சீக்கிரம் வந்துரும், ஆனா ஆள் செத்து கேஸ் நடந்து தண்டனை வந்து அதுக்கு பாயின்ட் ஏறதுக்குள்ள வருஷக்கணக்கா ஆயிரும். நடுவுல அந்த கம்பெனி எத்தனை டெண்டர் வேணும்னாலும் ஜெயிக்கலாம்.

கதையா சொல்லல, நடந்தது தான். 2015 செப்டம்பர்ல இயோ சூ காங் மேம்பால வேலைல மேடை கழண்டு நாலு பேர் விழுந்தாங்க, ஒருத்தர் செத்துட்டார். அதே வருஷம் நவம்பர்ல அதே கம்பெனிக்கு அப்பர் சாங்கி பக்கம் தீவு விரைவுச்சாலைய இணைக்கிற மேம்பாலம் கட்ட அரசாங்க ஒப்பந்தம் கிடைச்சது, ஏறத்தாழ 94.6 மில்லியன் வெள்ளி. செப்டம்பர் விபத்துக்கு கோர்ட் ஃபைன் போட்டது 2017 ஜூலைல, 250,000 வெள்ளி. ஃபைன் போட்டு மூணே நாள்ல, ஜூலை 14 விடியக்காலைல, அந்த அப்பர் சாங்கி பாலம் வேலை நடக்கும்போதே இடிஞ்சு ஒருத்தர் செத்து 10 பேர் அடிபட்டாங்க. இத வெச்சு ரெண்டும் ஒரே காரணம்னு சொல்லக்கூடாது, நியாயமா பேசணும், ரெண்டாவது டிசைன் கணக்குல நடந்த தப்பு, தூண்ல இருந்து நீட்டிக்கிட்டு பீமை தாங்குற கார்பல் தாங்காம போனது, பிஸ்சேஃப் ஆடிட்டர் எத்தனை பேர் வந்திருந்தாலும் அந்த கணக்கு தப்பு தெரிஞ்சிருக்காது. ஆனா கார்பல்ல விரிசல் இருந்தது தெரிஞ்சும் வேலை நிக்கலன்னு கேஸ்ல வந்துச்சு. விரிசல பார்த்தா நிறுத்தணும், அதுக்கு டிசைன் தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியம் இல்ல, நிறுத்துனா திட்டு விழாதுன்னு நம்பிக்கை இருந்தா போதும். எனக்கு அந்த சம்பவத்துல இருந்து கேக்க தோணுறது, ஆள் செத்த கம்பெனிக்கு கேஸ் நடந்துட்டு இருக்கும்போதே அடுத்த அரசாங்க வேலை குடுக்குறதுக்கு முன்னாடி, கேஸ் முடிவு என்னவோ ஆகட்டும், அந்த கம்பெனி இப்ப நடத்துற சைட் எல்லாத்துக்கும் போய் ஒரு தடவ பார்த்துட்டு வர்றதுல என்ன கஷ்டம்?

அந்த விஷயத்துல ஆஸ்திரேலியா கொஞ்சம் பரவால்ல. அங்க ஃபெடரல் சேஃப்டி கமிஷனர்னு ஒரு அலுவலகம், 2006ல இருந்து ஸ்கீம் நடக்குது. மத்திய அரசாங்கம் நேரடியா பணம் போடுற வேலைல மெயின் ஒப்பந்தம் 4 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அல்லது அதுக்கு மேலன்னா அந்த அலுவலகத்தோட அங்கீகாரம் இல்லாத பில்டர் அந்த ஒப்பந்தத்த எடுக்கவே முடியாது. முக்கியமானது என்னன்னா அவங்க ஆபீசர்ஸ் வேலை நடந்துட்டு இருக்குற சைட்டுக்கே போய் ஆடிட் பண்றாங்க, உயரத்துல வேலை, பள்ளம், கிரேன், ஸ்கஃபோல்டிங், ஓடுற மெஷின், கரண்ட்னு ஆளைக் கொல்லுற விஷயங்கள எடுத்து வெச்சு ஃபைல்ல எழுதுனது தரைல நடக்குதான்னு பார்க்குறாங்க. குடுத்த அங்கீகாரத்த நிறுத்தி வைக்கவும், பிடுங்கவும் அதிகாரம் உண்டு. நம்ம பிஸ்சேஃப் லெவல் 3, எழுத்து பரீட்சை மட்டும் வெச்சு லைசென்ஸ் குடுத்துட்டு வண்டிய ரோட்டுல விட்ட மாதிரி இருக்கு.

அங்கயும் ஓட்டை இருக்கு, மறைக்க வேண்டாம். 2009, 2010ல வீட்டு கூரைல வெப்பம் தாங்குற இன்சுலேஷன் போட அரசாங்கம் பணம் குடுத்துச்சு, வீடு வீடா போய் செய்யுற சின்ன சின்ன வேலை, அங்கீகார லிமிட்டுக்கு ரொம்ப கீழ, யார் வேணும்னாலும் ஆள் வெச்சு இறங்கிட்டாங்க, நாலு இளைஞர்ங்க செத்தாங்க. ராயல் கமிஷன் வெச்சு 2014ல ரிப்போர்ட் வந்துச்சு. பணம் அரசாங்கத்தோடது, பாதுகாப்பு யார் பொறுப்புன்னு கேட்டா எல்லாரும் அடுத்தவன காமிச்சாங்க.

அது ஏதோ தூர தேசத்து கதைன்னு நினைக்காதீங்க. இங்க கட்டுமானத்துல சாவு, பெரிய காயம் எல்லாம் பெரிய எம்ஆர்டி ரயில் சைட்லதான் நடக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, மனிதவள அமைச்சே திரும்பத் திரும்ப சொல்றது சின்ன வேலைங்கள பத்திதான், ரெனவேஷன், கூடுதல் மாற்றம், பராமரிப்பு, அந்த மாதிரி. பெரிய சைட்ல 10 மில்லியன் வெள்ளி அல்லது அதுக்கு மேல ஒப்பந்தம்னா முழு நேர சேஃப்டி ஆபீசர், 5 மில்லியன் அல்லது அதுக்கு மேலன்னா 2024 ஜூன்ல இருந்து கேமரா கட்டாயம். அதுக்கு கீழ? ஒரு ஸ்கூல்ல கூரை ஷீட் மாத்துற வேலை, ஒரு சமூக மன்றத்துல ஏர்கான் மேல தூக்கி வைக்கிற வேலை, புளோக்குக்கு பெயின்ட் அடிக்கிற வேலை, இதுவும் பொதுப்பணம்தான். மூணு பேர் ஒரு லாரில போவாங்க, ஏணிய சாய்ப்பாங்க, ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டு அடுத்த இடம். ஷீட் பழசா இருந்தா கால் வெச்ச உடனே உடையும்னு எல்லாருக்கும் தெரியும், பலகை போட்டு நடக்கணும்னும் தெரியும், பலகைய லாரில ஏத்திட்டு போக இடமும் இல்ல, நேரமும் இல்ல. கம்பெனிக்கு பிஸ்சேஃப் இருக்கு. பெரிய வேலைக்கு வைக்கிற கண்ணுல பாதிய இங்க வெச்சா கூட போதும்னு எனக்கு தோணுது.

இன்னொன்னு எழுதாம விட முடியாது, காயத்த மறைக்கிறது. 2020 செப்டம்பர்ல இருந்து வேலைல அடிபட்டு ஒரு நாள் எம்சி (டாக்டர் எழுதிக் குடுக்குற லீவு) குடுத்தாலும், லைட் டியூட்டி குடுத்தாலும் கம்பெனி அமைச்சுக்கு ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். முன்னாடி மூணு நாளுக்கு மேல இருந்தாத்தான் கணக்கு, அதனால ரெண்டு நாள் எம்சியோட நிறுத்திருவாங்க. இப்ப அந்த வழி அடைச்சாச்சு, நல்ல சட்டம். உடனே வேற வழி கண்டுபிடிச்சாங்க, கிளினிக்குக்கே போகாத, ரூம்ல ரெஸ்ட் எடு, சம்பளம் வந்துரும், ஓகேவான்னு. விரல் நசுங்குன பையன்கிட்ட இப்படி பேசுறத நானே பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். அவனும் தலைய ஆட்டுவான், ஏஜென்ட்டுக்கு குடுக்க வாங்குன கடன் இன்னும் முடியல, திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றதுன்னு பயம். அப்புறம் அந்த விரல் மடங்காம போனா கிளெய்ம் பண்ண பேப்பர் ஒண்ணும் இருக்காது.

ஏன் மறைக்கிறாங்கன்னு பார்த்தா, சைட்ல எல்லார் மனசுலயும் ஒரு தப்பான கணக்கு ஓடுது, ரிப்போர்ட் பண்ணா பாயின்ட் ஏறும், டெண்டர் போயிரும்னு. பாயின்ட் வர்றது சட்டத்த மீறினதுக்கு, ரிப்போர்ட் பண்ணதுக்கு இல்ல. ஆனா மெயின்கான் எல்லாம் ஆக்சிடென்ட் இல்லாத மணி நேரம்னு வாசல்ல பெரிய போர்டு வெச்சிருக்கான், அந்த நம்பர கலைச்சவன் தான் கெட்டவன். அந்த போர்டுல இருக்குற நம்பரையே தகுதியா எடுத்துக்குற வரைக்கும் இது மாறாது. சின்ன காயம் நிறைய ரிப்போர்ட் பண்ற கம்பெனியதான் நான் நம்புவேன், ரெண்டு வருஷமா ஒரு பிளாஸ்டர் கூட ஒட்டலன்னு சொல்ற கம்பெனிய ஆடிட்டர் முதல்ல போய் பார்க்கணும்.

ஆடிட்ல ஊழியர்கிட்ட பேசுறதும் அப்படித்தான். சைட்டுக்கு புதுசா வர்ற ஒவ்வொருத்தனும் கட்டுமான பாதுகாப்பு கோர்ஸ தமிழ்ல, பெங்காலில எல்லாம் படிச்சு பாஸ் பண்ணிட்டுதான் வர்றான், அதாவது அவன் மொழில சொன்னா புரியும், அவன் மொழில கேட்டா பதில் சொல்லுவான்னு அரசாங்கத்துக்கே தெரியும். அப்புறம் ஆடிட் மட்டும் ஏன் இங்கிலீஷ்லயே முடியுது? ஆடிட்டர் கம்பெனி நிறுத்தி வெச்ச நாலு பேர விட்டுட்டு, அவரே கைய நீட்டி கடைசி சப்கானோட ஆளு ரெண்டு பேர கூப்பிட்டு, சூப்பர்வைசர் இல்லாம, மொழி தெரிஞ்ச ஒருத்தர வெச்சு பத்து நிமிஷம் பேசுனா ஃபைல்ல இல்லாதது எல்லாம் வெளிய வந்துரும். சொல்லாம கொள்ளாம வரணும், அது ரொம்ப முக்கியம். ஆடிட்டருக்கு கம்பெனி நேரா காசு குடுக்காம, டெண்டர் விடுற அமைப்பு கட்டிட்டு கம்பெனிகிட்ட வாங்கிக்கலாம், யாரு ஆடிட்டர்ங்கிறதும் அமைப்பு முடிவு பண்ணட்டும்.

ஸ்னாப்சேஃப்னு ஒரு ஆப் இருக்கு, சைட்ல ஆபத்தா எதையாவது பார்த்தா போட்டோ எடுத்து அனுப்பலாம். பசங்ககிட்ட சொல்றேன், இன்ஸ்டால் பண்ணி வெச்சிருக்காங்க, ஆனா அனுப்ப பயப்படுறாங்க, ஒரு சைட்ல ஒரு மூலைய போட்டோ எடுத்தா அங்க நின்ன ஆளு யாருன்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிரலாம். அந்த பயம் போகுற மாதிரி ஏதாவது பண்ணாம ஆப் மட்டும் போதாது.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். நிலப் போக்குவரத்து ஆணையம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), நகர மன்றங்கள், கல்வி அமைச்சு இவங்ககிட்ட உங்க நிருபர அனுப்பி ரெண்டு கேள்வி கேளுங்க. 2024 ஏப்ரலுக்கு அப்புறம் 25 பாயின்ட் காரணமா எத்தனை கம்பெனிய டெண்டர்ல இருந்து வெளிய நிறுத்துனாங்க, 5 மில்லியனுக்கு கீழ இருக்குற வேலைங்கள்ல எத்தனை இடத்துக்கு முன்னறிவிப்பு இல்லாம போய் பார்த்தாங்க. பதில் வந்தா தமிழ்ல போடுங்க, டார்மிட்டரில நாங்க பேப்பர கையில வாங்கலன்னாலும் போன்ல ஷேர் பண்ணி படிப்போம்.

என் பேரு, கம்பெனி பேரு, சைட் இருக்குற ஏரியா எதுவும் போட வேண்டாம். எங்க கம்பெனில தமிழ்ல இவ்ளோ நீளமா எழுதுற சேஃப்டி ஆளு நான் ஒருத்தன்தான், பேரு இல்லாமலேயே கண்டுபிடிச்சாலும் கண்டுபிடிப்பாங்க, பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு சப்கான் கம்பெனி சேஃப்டி கோஆர்டினேட்டர்,
சிங்கப்பூர்